இரண்டு துடுப்பு

ஆடி 1, வியாழன்

இந்த டைரி, மாப்பிள்ளை திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஆறு மாதமாகப் பரணில் கிடந்ததை இன்றைக்கு இறக்கினேன். நாவல்துறையில் இதுவரை நடக்காத ஒன்று நாளைக்கு நடக்கப்போகிறது. அதை நடந்தது நடந்தபடி எழுதிவைக்கப் படித்த ஆள் வேண்டும். நான் ஏழாவது முடித்தவன். எட்டாவதும் பாதி.

பெயர் மாதையன். அந்தப் பெயரை ரேஷன் கார்டில் மட்டும்தான் பார்க்கலாம். இக்கரைக்கும் அக்கரைக்கும் நான் மாமா. முப்பத்தொரு வருடமாகக் காவிரியில் பரிசல் போடுகிறேன். ஆறு பேர் ஏறக்கூடிய பரிசலில் ஒருமுறை மாப்பிள்ளை, பெண், தவில், நாதஸ்வரம், சீர்வரிசைத் தட்டுகள் என்று பதினான்கு பேரை ஒரே நடையில் அக்கரை சேர்த்திருக்கிறேன். தவில்காரர் வாசிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

மூன்று மாதமாகப் பரிசல் கரையில் கவிழ்ந்திருக்கிறது. தார் பூசுகிறேன். தார் விஷயத்தில் அவசரப்பட்டால் ஆபத்து. மூன்று தடவை பூசியாயிற்று, நான்காவது பூசினால் இன்னும் நல்லது என்று இன்று காலை துறையில் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ரேஷனுக்கு வந்தவர்கள், இன்னொரு பரிசல்காரன் தர்மன், எல்லாரும் நின்றார்கள். அப்போது என் வீட்டுக்காரி பச்சியம்மா இறங்கி வந்தாள். தார் போதும், நாளைக்குப் பரிசல் தண்ணீரில் இருக்க வேண்டும் என்றாள். துடுப்புப் போடுவது என்ன விளையாட்டா என்று கேட்டேன்.

"நானும் இருபத்தெட்டு வருசமா துடுப்புத்தான் போடுறேன் மாமா. உன்னுது தண்ணியில, என்னுது கொதிக்கிற களியில. மாத்திக்கலாமா?"

எங்கள் பக்கம் களி கிண்டுகிற கட்டைக்கும் துடுப்பு என்றுதான் பெயர். துறையே சிரித்தது. தர்மன் தண்ணீரில் உட்கார்ந்தே சிரித்தான். ஆண்பிள்ளை பின்வாங்க முடியுமா? ஆடிப் பதினெட்டு வரைக்கும் அவள் வேலை எனக்கு, என் வேலை அவளுக்கு என்று எல்லார் முன்னாலும் பேச்சானது. அவள் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். பதினைந்து வயதுவரை அப்பனுக்குத் துடுப்புப் போட்டவள்தான். இருந்தாலும் இரண்டே நாளில் காலில் விழுவாள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. சண்டையை அவள் வீட்டு வாசல் தாண்டிக் கொண்டுபோனதே இல்லை. இன்றைக்கு ஏன் அத்தனை கூட்டம் கூடுகிற நேரமாகப் பார்த்து வந்தாள்?

ஆடி 2, வெள்ளி

விடியும்போதே துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் இறங்கியதைப் பின்பக்கத்து ஜன்னலில் பார்த்தேன். மேற்பார்வை வேண்டுமல்லவா? அக்கரைக்கு எட்டு நடை போனாள். பதினாறு முறை பார்த்தேன்.

வீட்டு வேலை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. மாடு கறந்தேன். அது என்னை உதைத்ததை உதை என்று சொல்ல முடியாது. களி கிண்டினேன். அரிசி நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டுவதுதானே. கொஞ்சம் கட்டி தட்டியது. எலுமிச்சம்பழம் அளவு. மகள் தேன்மொழி ஒன்றை உடைத்து, உள்ளே பச்சை மாவாக இருப்பதைக் காட்டினாள். அப்படித்தான் சத்து அதிகம் என்று விளக்கினேன்.

தேன்மொழிக்கு ஆபரேஷன் செய்து பிறந்த குழந்தை. இருபத்தாறு நாள் ஆகிறது. தையல் இழுப்பதால் அவள் குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது பச்சியம்மா. இப்போது அந்த வேலை என்னுடையது. இன்றைக்கு ஈரக்காற்று. ஆகவே துணியால் துடைத்துவிட்டேன்.

ஆடி 3, சனி

சனிக்கிழமை பெண் குழந்தையைக் குளிப்பாட்டக் கூடாது. எங்கேயோ படித்திருக்கிறேன். துடைத்தேன்.

களி நன்றாக வந்தது. தேன்மொழி சோறு போதும் என்றாள்.

ஆடி 4, ஞாயிறு

பரிசலைப் பச்சியம்மா சுற்றவிடுவதே இல்லை. முட்டிபோட்டு முன்னால் உட்கார்ந்து, தண்ணீரை மடியில் வாரிக்கொள்வதுபோல் இழுக்கிறாள். துறையில் புகழ்ந்து பேசுகிறார்களாம். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது என்று தேன்மொழியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள்.

குடத்தை ஆற்றில் முக்காமல் கைப்பம்பில் அடித்துத்தான் தண்ணீர் கொண்டுவருகிறேன். தூரம்தான். பம்புத் தண்ணீர் சுத்தம்.

பம்படியில் ஒரு பெண் சித்திரை மாத விஷயத்தைக் கேட்டாள். அதையும் எழுதிவிடுகிறேன். திருவிழாவுக்கு வந்த அக்கரைக்காரர்களைத் திருப்பிக் கொண்டுபோகும்போது பரிசல் பாறையில் உரசிச் சாய்ந்தது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, கனிஷ்கா என்று பெயர், தண்ணீரில் விழுந்தாள். நான் கப்பென்று மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கீழே தர்மன் வலை போட்டுக்கொண்டிருந்தான். இழுவை எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, பிள்ளையை நேராக அவன் பக்கம் அனுப்பினேன். அவன் முடியைப் பிடித்துத் தூக்கினான். நடுவில் பன்னிரண்டு அடி முதலை ஒன்று கிடந்தது. அதற்கும் சேர்த்துத்தான் கணக்கு.

பம்படியில் சொன்னபோது முதலை பதினாறு அடி. அந்தப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆடி 6, செவ்வாய்

பிள்ளை மேல் நாற்றம் அடிக்கிறது அப்பா, இன்றைக்குக் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்று தேன்மொழி கட்டிலில் இருந்தபடி சொன்னாள். இதில் என்ன இருக்கிறது? மணைமேல் உட்கார்ந்து காலை நீட்டினேன். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் தடவிய குழந்தையைக் காலில் போட்டேன். மீன்குஞ்சு மாதிரி நழுவுகிறது. முதுகுக்கு ஊற்றினேன். சரி. புரட்டிப் போட்டுத் தலைக்கு ஊற்றினேன். நெற்றியில் கையை அணை கட்டி ஊற்ற வேண்டுமாம், எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் மூக்கில் இறங்கியது. குழந்தை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. முகம் அப்படியே நீலமாக ஒரு நொடி.

என் இரண்டு கையும் விரிந்துவிட்டன. குழந்தை காலிடுக்கில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. தேன்மொழி தையலோடு எழுந்து வந்து வாரி எடுத்தாள். அப்பா, உன் கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். களி கிண்டிய அசதி என்றேன்.

சித்திரையில் நடந்ததைக் கொஞ்சம் திருத்தி எழுத வேண்டும். கணக்கு எல்லாம் பிறகுதான். அந்தப் பிள்ளை கையில் எண்ணெயோ என்னவோ இருந்தது. வழுக்கிவிட்டது. யாராக இருந்தாலும் வழுக்கியிருக்கும்.

ஆடி 7, புதன்

துடைத்தேன்.

ஆடி 8, வியாழன்

ஆறு நிறம் மாறுகிறது. நேற்றுவரை பச்சை, இன்று டீ நிறம். நுரை கட்டி வருகிறது. மேலே கர்நாடகத்தில் மழையாம். ஒரு சாண் ஏறியிருக்கிறது என்று பச்சியம்மா சொன்னாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்த அளவில் ஒன்றரைச் சாண்.

நிறுத்திவிடு, பந்தயத்தில் நீயே ஜெயித்ததாக வைத்துக்கொள் என்று பெரிய மனதோடு சொன்னேன். அப்படியானால் நாளைக்கு நீ போகிறாயா மாமா என்று மெதுவாகக் கேட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்துவிட்டேன். அது ஏற்கெனவே குடித்திருந்தது.

ஆடி 9, வெள்ளி

அந்தக் கனிஷ்கா தினமும் பச்சியம்மா பரிசலில்தான் பள்ளிக்கூடம் வருகிறாளாம். ஏறியதிலிருந்து இறங்கும்வரை இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வாளாம், விரல் வெளுக்கிற அளவுக்கு. ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். பச்சியம்மா முகத்தை நேராகப் பார்க்காமல் வெங்காயம் உரித்தபடி கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. மாமா ஏன் வரதில்லன்னுதான் கேட்டுச்சி."

இரண்டு கிலோ வெங்காயம் உரித்திருக்கிறேன். வீட்டில் இருப்பது மூன்று பேர்.

ஆடி 11, ஞாயிறு

கண்ணை மூடினால் ஆறு வீட்டுக்குள் ஓடுவதுபோல் கேட்கிறது. திறந்தாலும் கேட்கிறது. அம்மியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன், அரைக்கிற சத்தத்தில் கேட்காது என்று. கை நின்றதும் மறுபடி கேட்கிறது.

ஆடி 12, திங்கள், காலை ஒன்பதரை

எட்டேகாலுக்கு ஜீப் வந்தது. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம், கரையோரம் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனது. ஜீப்புக்கு முன்னாலேயே தண்ணீர் வந்துவிட்டது.

பச்சியம்மா அப்போது அக்கரையிலிருந்து புறப்பட்டு நடு ஆற்றில் இருந்தாள். பரிசலில் நான்கு பேர். ரேஷனுக்கு வரும் இரண்டு பெண்கள், ஒரு கிழவர், கனிஷ்கா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கரையில் நின்றேன். முழு மரம் ஒன்று வேரோடு மிதந்து வந்தது. கட்டியிருந்த தர்மன் பரிசல் கயிறு அறுந்து, தட்டு மாதிரிச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. என் பரிசல் சுற்றவில்லை. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். முகம் தெரியவில்லை, தோள் ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. பிறகு பாறைக்குப் பின்னால் போனார்கள். அந்தப் பக்கம் வரவில்லை.

தர்மனும் ஆட்களும் கயிறு எடுத்துக்கொண்டு கரையோடு கீழே ஓடினார்கள். கையில் குழந்தை இருந்ததால் என்னால் ஓட முடியவில்லை.

பதினொன்று

பொய். தேன்மொழி குழந்தையை வாங்கிக்கொள்கிறேன், நீ போ அப்பா என்றுதான் சொன்னாள். தண்ணீர் என் கட்டைவிரலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. நான் பின்வாங்கினேன்.

இன்னும் சேதி இல்லை. தேன்மொழி வாசலில் நிற்கிறாள், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாள். குழந்தை மலம் கழித்து முதுகுவரை ஆக்கிக்கொண்டு அலறுகிறது. வெந்நீர் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு

குளிப்பாட்டினேன். நெற்றியில் கையை வைத்து அணை கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக. இந்தத் தடவை கை விரியவில்லை. குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. தேன்மொழி பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சியம்மா போய்விட்டால் இதை யாரிடம் சொல்வேன் என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

முதலை கிடையாது. எண்ணெய் கிடையாது. அந்தப் பிள்ளையின் மணிக்கட்டை நன்றாகத்தான் பிடித்திருந்தேன். அவள் பாரத்தில் பரிசல் என் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது. நானும் போய்விடுவேன் என்று தோன்றியது. பரிசலில் இருந்த மற்றவர்களை நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நினைக்கவில்லை. என்னை நினைத்தேன். விரலைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்தேன். கீழே தர்மன் இருந்தது எனக்குத் தெரியாது.

வழுக்கவில்லை. விட்டேன்.

மாலை நான்கு

வந்துவிட்டாள்.

ஒன்றரை மைல் கீழே, வளைவில் ஒரு புங்கமரக் கிளை தண்ணீரில் சாய்ந்திருக்கிறது. பரிசல் அதை உரசிப் போகும்போது ஒரு கையைக் கிளையில் கோத்துக்கொண்டாளாம். மறு கையால் பரிசல் விளிம்பு. தர்மன் ஆட்கள் வந்து கயிறு போடும்வரை அப்படியே. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை, தர்மன் அரை மணி என்கிறான். நான்கு பேரும் இறங்கிய பிறகுதான் விட்டாளாம். ஓடை பெருகிவிட்டதால், பரிசலையும் தூக்கிக்கொண்டு மேட்டைச் சுற்றி நடந்து வர மத்தியானத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலது தோள் மூட்டு விலகியிருந்தது. கட்டுப்போடுகிறவர் வந்து இழுத்துச் சேர்த்தார். அவள் கத்தவில்லை. நான் வெளியே போய் நின்றேன்.

மூன்று பேர் ஊருக்குள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். கனிஷ்காவுக்கு இக்கரையில் யாரும் இல்லை. தண்ணீர் இறங்கும்வரை எங்கள் வீட்டில்தான். தாழ்வாரத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆடி 13, செவ்வாய்

பச்சியம்மாவுக்கு நான்தான் ஊட்டிவிட்டேன். களியில் கட்டி இல்லை. இரண்டாவது உருண்டையில் சொல்லிவிட்டேன். எண்ணெய் இல்லை, நான்தான் விட்டேன் என்று. அவள் மென்று விழுங்கினாள்.

"தெரியும். அந்தப் புள்ள அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிடுச்சி. அதான் உங்கிட்ட இருந்து துடுப்ப வாங்கினேன்."

துறையில் வைத்து ஏன் சண்டை போட்டாய் என்று கேட்டேன். பந்தயம் என்றால் ஊர் சிரிக்கும், அதற்குமேல் கேட்காது என்றாள். தண்ணி குடு என்றாள். கொடுத்தேன்.

இத்தனை நாளும் இவள் கையால் கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டு, இவளிடமே முதலைக் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆடி 14, புதன்

அந்தப் பிள்ளை என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது மட்டும் எழுந்து வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். குழந்தையைப் பார்ப்பதில்லை. என் விரல்களைப் பார்க்கிறாள். தண்ணீர் ஊற்றி, துவட்டி, சாம்பிராணி காட்டி, தேன்மொழி கையில் கொடுக்கும்வரை பார்த்துவிட்டு எழுந்துபோகிறாள்.

தனியாக இருக்கும்போது அவளிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனேன். நான் கிட்டே வந்ததும் இரண்டு கையையும் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆடி 15, வியாழன்

தண்ணீர் இறங்குகிறது. மணலில் சேற்றுக் கோடு. செத்த ஆடு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. நாளை காலை முதல் பரிசல் விடலாம் என்று ஜீப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். தர்மனுக்குப் பரிசல் இல்லை, புதிதாகப் பின்ன வேண்டும். ஆற்றுக்கு இப்போது என் பரிசல் ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு தானே அக்கரைக்காரர்களைக் கொண்டுபோய் விடுவதாகத் தர்மன் சொன்னான். பச்சியம்மா கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தாள்.

நான் போகிறேன் என்று என் வாய் சொல்லிற்று. அதற்குப் பிறகு மூன்று தடவை கொல்லைப்பக்கம் போனேன். இதை எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

ஆடி 16, வெள்ளி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஏழு மணிக்குப் பரிசலைத் தண்ணீரில் வைத்தேன். கால் வைத்தபோது தண்ணீர் சில்லென்று கணுக்காலைப் பிடித்தது. நின்றேன். பிறகு இன்னொரு காலையும் வைத்தேன். இரண்டு பெண்களும் கிழவரும் ஏறினார்கள். கடைசியாகக் கனிஷ்கா வந்தாள். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். பாப்பா, அன்றைக்குக் கை வழுக்கவில்லை, நான்தான் விட்டேன், பயந்துபோய் விட்டேன் என்று. கிழவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பெண்களில் ஒருத்தி இறங்கப்போனாள், மற்றவள் புடவையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பிள்ளை ஏறி, எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்தாள். என் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். ஒரு முனையை என் இடுப்புப் பெல்ட்டுக்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டாள். மறு முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றினாள். ஒரு கையால் கட்ட வராமல் பல்லால் கடித்து இறுக்கினாள்.

பரிசலில் யாரும் யாரையும் கட்டக் கூடாது. முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்ன உண்மைகளில் அது ஒன்று.

"கட்டக் கூடாது பாப்பா. கவுந்தா ரெண்டு பேருமே போயிடுவோம்."

"அதுக்குத்தான் மாமா."

கரையில் பச்சியம்மா நின்றாள். நல்ல கையால் பரிசலைத் தள்ளிவிட்டாள்.

பாறைக்குப் பக்கத்தில் இழுவை இன்னும் பலமாக இருந்தது. பரிசல் ஒருமுறை அரை வட்டம் திரும்பியது. பெண்கள் சாமி பெயரைச் சொன்னார்கள். நான் இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் துண்டு வயிற்றில் வெடுக்கென்று பிடித்தது. அந்தப் பிள்ளை விளிம்பைப் பிடிக்கவில்லை. தண்ணீரையும் பார்க்கவில்லை. அக்கரை வரும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கரையில் மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். அவளுடைய அம்மா மேட்டில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். துண்டு நனைந்து முடிச்சு இறுகிவிட்டது. பிள்ளை நகத்தால் கிள்ளினாள், பல்லால் இழுத்தாள், வரவில்லை. இடுப்பில் கத்தி இருந்தது. நான் அதை எடுக்கவில்லை, கையும் கொடுக்கவில்லை. அவள் கட்டியது, அவளே அவிழ்க்கட்டும் என்று முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் ஆயிற்று.